வாசகருக்கு மட்டும் தெரிந்த குண்டு

காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகிற டவுன் பஸ். சாயங்கால நேரம், கால் வைக்க இடமில்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் பெரியவர் ஒருவர் கம்பியைப் பிடித்தபடியே தூங்கி விழுகிறார். ஜன்னலோரத்தில் ஒரு கல்லூரிப் பெண் மறுநாள் பரீட்சைக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். "சில்லறை இருந்தா குடுங்க" என்று கேட்டபடி கண்டக்டர் கூட்டத்துக்குள் நுழைந்து வருகிறார். பின்னாலிருந்து மூன்றாவது சீட்டுக்கு அடியில் ஒரு ரெக்சின் பை. அதை வைத்தவன் டவுன்ஹாலிலேயே இறங்கிவிட்டான். அத்தியாயம் முடிகிறது.

அடுத்த அத்தியாயத்தில் பஸ்ஸும் இல்லை, பையும் இல்லை. குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களா, அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆள், அவன்மேல் சந்தேகப்படும் வீட்டுக்காரம்மா. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமலே பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போவோம். கடைசி அத்தியாயத்தில்தான் இரண்டு தண்டவாளங்களும் ஒன்று சேரும். இந்த பஸ்ஸும் பங்களாவும் நான் இட்டுக்கட்டியவை. ஆனால் கதை கட்டிய விதம் யாருடையது என்று தமிழ் வாசகருக்குச் சொல்லவே வேண்டாம். கோவைக்காரரான ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். இந்த இரட்டைத் தட உத்தியைத் தன் கையெழுத்து மாதிரியே ஆக்கிக்கொண்டவர். பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய அந்த மெல்லிய மாத நாவல்களை ஒரு தலைமுறையே இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டுப் படித்தது.

சீட்டுக்கு அடியில் இருக்கும் பை நம் உடம்பை என்ன செய்கிறது? நிஜமாகவே அப்படி ஒரு பஸ்ஸில் இருக்க நேர்ந்தவர்களுக்கும் அதேதான் நடக்கிறதா? கோவையால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட முடியாது. 1998 பிப்ரவரி 14 சனிக்கிழமை சாயங்காலம் இந்த ஊரில் நிஜமாகவே குண்டுகள் வெடித்தன.

முதலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்போம். திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் இதைத் துல்லியமாக விளக்கினார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டை முன்கூட்டியே பார்ப்பவரிடம் காட்டிவிட்டு, அதே சாதாரணப் பேச்சைத் தொடரவிட்டால் 15 நிமிடத்துக்கு நெஞ்சு படபடக்கும். பேச்சில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. பார்ப்பவருக்குத் தெரிந்த விஷயம்தான் மாறியது.

இருபது ஆண்டு கழித்து, 1982இல், வில்லியம் புரூயர், எட்வர்ட் லிக்டன்ஸ்டைன் என்ற இரு உளவியலாளர்கள் இதைக் கோட்பாடாகவே வகுத்தார்கள். நிகழ்ச்சிகள் நடந்த வரிசை ஒன்று, அவற்றைச் சொல்லும் வரிசை இன்னொன்று. பை வைத்ததை மறைத்துவிட்டு வெடிப்பை மட்டும் சொன்னால் திடுக்கிடல். பஸ் எரிந்து கிடப்பதில் ஆரம்பித்து, யார் செய்தது என்று பின்னோக்கித் தேடினால் துப்பறியும் ஆவல். பையை முதலில் காட்டிவிட்டுப் பஸ்ஸை மெதுவாக ஓட்டினால் சஸ்பென்ஸ். ராஜேஷ்குமாரின் முறை இந்த மூன்றில் இரண்டை ஒரே நேரத்தில் இயக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பஸ் அத்தியாயத்தில் சஸ்பென்ஸ், பங்களா அத்தியாயத்தில் ஆவல். ஒன்று உச்சத்துக்குப் போகும்போது வெட்டி மற்றொன்றுக்குத் தாவும்போது முதலாவது அடங்குவதில்லை. அது பின்னணியில் எரிந்துகொண்டே இருக்கிறது.

அந்த நேரத்தில் மூளைக்குள் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், மூளையைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து சஸ்பென்ஸ் படக் காட்சிகளைக் காட்டினார்கள். திரையின் விளிம்பில், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், சதுரங்கக் கட்டம் போன்ற ஒரு கோலம் மின்னிக்கொண்டே இருந்தது. காட்சியில் ஆபத்து கூடக் கூட, கண்ணின் ஓரப் பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதி தணிந்தது. நடுப் பார்வையைக் கவனிக்கும் பகுதி எழுந்தது. ஆபத்து தணிந்ததும் பழையபடி விரிந்தது. 2015இல் வெளியான ஆய்வு இது. ஸ்டாப்பைத் தவறவிட்ட வாசகரின் மூளை உண்மையிலேயே ஜன்னலைப் பாதி சாத்திவிட்டிருக்கிறது.

இன்னொரு விசித்திரம் உண்டு. முடிவு தெரிந்த கதையிலும் நெஞ்சு படபடக்கும். ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இல் இதைச் சோதித்தார். ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஆனார் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் ஆவாரா மாட்டாரா என்று இழுத்தடிக்கும் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்துவிட்டு, 'ஆனார், சரியா தவறா?' என்று கேட்டார். படித்தவர்கள் சரியாகத்தான் பதில் சொன்னார்கள், ஆனால் வழக்கத்தைவிடத் தாமதமாக. தெரிந்த வரலாற்றைக்கூடக் கதை ஒரு நொடி தடுத்து நிறுத்திவிடுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது கனடாவில் நடந்த ஒன்று. 1961இல் ஹிட்ச்காக் தொலைக்காட்சிக்காக ஒரு குறும்படம் எடுத்தார். ஐந்து வயதுப் பையன் கையில் துப்பாக்கி. விளையாட்டுத் துப்பாக்கி என்று நினைத்து எல்லோரையும் குறிபார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றுகிறான். அதில் நிஜத் தோட்டா இருப்பது பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். நியூயார்க்கில் யூரி ஹாசன் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் படத்தைப் பார்த்தவர்களின் மூளை மேற்பரப்பில் சுமார் 65 சதவீதம் ஒன்றுபோலவே ஏறி இறங்கியது. ஒரு பூங்காவை வெறுமனே படம்பிடித்த காட்சிக்கு அந்த ஒற்றுமை 5 சதவீதத்துக்கும் கீழே. அதே குறும்படத்தைச் சுருக்கி, ஒன்ராறியோவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் லொரினா நாச்சி, ஏட்ரியன் ஓவன் குழுவினர் ஒரு நோயாளிக்குப் போட்டுக்காட்டினார்கள். மூளையில் அடிபட்டு 16 ஆண்டுகளாக எந்தச் சொல்லுக்கும் எந்தத் தொடுதலுக்கும் பதில் தராதவர் அவர். துப்பாக்கி குறிபார்க்கும் இடங்களிலெல்லாம் அவருடைய மூளை, நலமாக இருப்பவர்களின் மூளை போலவே எழுந்து தணிந்தது. தோட்டா நிஜம், பையனுக்கு அது தெரியாது, எந்த நொடியும் வெடிக்கலாம் என்ற மூன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாமல் அப்படி நடக்காது. உள்ளே ஒருவர் விழித்திருக்கிறார் என்பதை 2014இல் உலகுக்குச் சொன்னது ஒரு சஸ்பென்ஸ் கதை.

இப்போது பஸ்ஸுக்குள் இருப்பவர்களிடம் வருவோம்.

1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த இரண்டு நாட்களில் மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள், கடைகள் எரிக்கப்பட்டன. அதற்குப் பழிவாங்கும் சதி இரண்டரை மாதம் திட்டமிடப்பட்டது. மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்துக்காக பா.ஜ.க. தலைவர் எல்.கே.அத்வானி ஆர்.எஸ்.புரத்தில் பேச வேண்டிய நாளான 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வைக்கப்பட்டன. அவருடைய விமானம் தாமதமானது. நகரின் 11 இடங்களில் 12 குண்டுகள் வெடித்தன. ரயில் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடம், காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் எல்லாம் அதில் அடக்கம். அரசு மருத்துவமனை வளாகம்கூட விடுபடவில்லை. 58 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். நீதிபதி பி.ஆர்.கோகுலகிருஷ்ணன் ஆணையம் விசாரித்தது. தனி நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது.

குண்டுகள் ஒளிக்கப்பட்டிருந்த பொருட்களின் பட்டியலைப் பாருங்கள்: கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள், வண்டியின் பக்கப் பெட்டி, ரெக்சின் பை, பழவண்டி. அந்தத் தெருவில் நடந்த யாருக்கும் பழவண்டி பழவண்டிதான். மேசைக்கு அடியில் இருப்பதைப் பார்க்கும் வசதி வாசகருக்கு மட்டும் தரப்பட்டது. தெருவில் இருப்பவருக்கு அது கிடையாது. அன்றைக்கு அந்த 58 பேருக்கு எந்தச் சஸ்பென்ஸும் இருக்கவில்லை. கடைக்குப் போனார்கள், நோயாளியைப் பார்க்கப் போனார்கள், வண்டியை எடுக்கப் போனார்கள். நாவலாசிரியர் நமக்குத் தரும் படபடப்பு, நடந்ததை முழுவதும் அறிந்த ஒருவர் இருந்தால்தான் பிறக்கும். தெருவில் அப்படி அறிந்திருந்தவர்கள் சதிகாரர்கள் மட்டுமே.

நாவலில் வருவது போன்ற சஸ்பென்ஸ் கோவைக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆர்.எஸ்.புரம் லோகமான்ய வீதியில் வெடிபொருள் நிரப்பிய கார் ஒன்று வெடிக்காமல் நின்றது. அக்கம்பக்கத்து வீடுகள் காலி செய்யப்பட்டன. நிபுணர்கள் அதைச் செயலிழக்க வைக்க நாட்கள் பிடித்தன. இப்போது மேசைக்கு அடியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நிலை உடம்பை எப்படி அரிக்கும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அளந்திருக்கிறார்கள். 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் கற்களைப் புரட்டச் சொன்னார்கள். கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் கணக்கிட்டபோது, அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற நிலையில்தான் அவர்கள் மிக அதிகமாகத் துடித்தார்கள். 2016இல் வந்த முடிவு. மோசமான செய்தியைத் தாங்கிக்கொள்ளும் உடம்பு, வருமா வராதா என்பதைத் தாங்குவதில்லை.

சரி, குண்டு வெடித்த நொடியில் ஜனங்கள் என்ன செய்வார்கள்? நாவலிலும் சினிமாவிலும் இதற்கு ஒரே காட்சிதான். கூட்டம் அலறி ஓடும், ஒருவரை ஒருவர் மிதிக்கும், நாயகன் மட்டும் எதிர்த்திசையில் போவான். இது நிஜத்தில் அபூர்வம். முதலில் வருவது நம்பாமை. "என்னாச்சுங்க?" "டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சாட்ட இருக்குதுங்க" என்ற பேச்சு நம் ஊரில் எந்தப் பெரிய சத்தத்துக்கும் முதலில் எழுவது. மூளை தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற விளக்கங்களில் மிகச் சாதாரணமானதை முதலில் எடுக்கிறது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் அதிகாலை, கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் ஒன்று வெடித்து அதை ஓட்டி வந்தவர் இறந்தபோதும், சிலிண்டர் வெடித்துவிட்டது என்பதே ஊரில் முதலில் பரவிய செய்தி. காரில் சிலிண்டர் இருந்தது உண்மைதான். ஆணிகளும் கோலிக்குண்டுகளும் கிடைத்த பிறகே கதை மாறியது. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத்திலிருந்து தப்பியவர்களை விசாரித்த அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமும் இதையே கண்டது. பலர் உடனே இறங்கவில்லை. பையை எடுத்தார்கள், வீட்டுக்குப் போன் செய்தார்கள், பக்கத்து மேசைக்காரரிடம் என்ன ஏது என்று விசாரித்தார்கள். பயம் மிஞ்சியதால் வரும் சாவைவிட இந்தத் தாமதத்தால் வரும் சாவு அதிகம் என்பதே ஆய்வாளர்களின் கவலை.

அந்த நொடிகள் நீண்டன, எல்லாம் மெதுவாக நடந்தது என்று தப்பியவர்கள் சொல்வதும் உண்டு. த்ரில்லர் படத்தின் ஸ்லோமோஷன் அங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். டேவிட் ஈகிள்மன் என்ற நரம்பியலாளர் இதைச் சோதிக்கத் துணிந்தார். 31 மீட்டர் உயரத்திலிருந்து, கயிறு எதுவும் கட்டாமல், மல்லாந்து வலையில் விழும் ஒரு பொழுதுபோக்குக் கோபுரத்திலிருந்து ஆட்களை விழவைத்தார். மணிக்கட்டில் ஒரு சின்னக் கருவி. அதில் எண்கள் சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மின்னும். காலம் நிஜமாகவே மெதுவாகியிருந்தால், விழுகிறவருக்கு அந்த எண்கள் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் விழுந்தீர்கள் என்று பிறகு கேட்டால், மற்றவர் விழுவதைப் பார்த்ததைவிட 36 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள். காலம் நீண்டது விழும்போது அல்ல, நினைத்துப் பார்க்கும்போது. பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிகிறது. அடர்ந்த நினைவைப் புரட்டும்போது நேரம் நீளமாகத் தெரிகிறது.

அந்த அடர்ந்த நினைவும் துல்லியமானது அல்ல. டியூக் பல்கலைக்கழகத்தில் 2001 செப்டம்பர் 12ஆம் தேதியே 54 மாணவர்களிடம், முந்தைய நாள் செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தார்கள், யாரோடு இருந்தார்கள் என்று எழுதி வாங்கினார்கள். அந்த வாரத்தின் ஒரு சாதாரண நிகழ்ச்சியைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்பக் கேட்டபோது இரண்டு நினைவுகளும் ஒரே அளவுக்குத்தான் சிதைந்திருந்தன. வித்தியாசம் நம்பிக்கையில். தாக்குதல் பற்றிய நினைவு அப்படியே இருக்கிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அன்றைக்கு ஆர்.எஸ்.புரத்தில் தான் ஐந்து நிமிடம் முன்பு நின்ற இடத்தில்தான் வெடித்தது என்று சொல்லும் கோவைக்காரரை நான் பொய்யர் என்று நினைக்க மாட்டேன். தெரியாமல் கடந்துபோன ஐந்து நிமிடத்துக்கு அவருடைய மனம் இப்போது பையைக் காட்டுகிறது. ஒரு நாவலாசிரியர் செய்யும் வேலையை நினைவு தானாகவே செய்து முடித்திருக்கிறது. அதனால்தான் பேரிடரைப் பதிவு செய்கிறவர்கள் சாட்சிகளிடம் சீக்கிரமே போக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

கூட்டத்தைப் பற்றிய கற்பனைதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனென்றால் அது அநியாயமானது. அமெரிக்கச் சமூகவியலாளர் குவாரன்டெல்லி 1950களிலேயே, பேரிடரில் பீதியடைந்த கூட்டம் என்பது மிக அரிது என்று எழுதினார். 2005 ஜூலை 7 அன்று லண்டனில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். புகையும் இருட்டும் நிறைந்த பெட்டிகளில் அடைபட்டுத் தப்பியவர்களின் அனுபவங்களை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் டிரூரி குழு திரட்டியது. முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர் பகிர்ந்திருக்கிறார்கள், துணி கிழித்துக் காயம் கட்டியிருக்கிறார்கள், கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் பலர், நாம் சாகப்போகிறோம் என்று நம்பிய நிலையிலும் இதைச் செய்தவர்கள். ஒரே ஆபத்துக்குள் ஒன்றாக விழுந்த கணத்தில், தனித்தனிப் பயணிகளாக இருந்தவர்கள் 'நாங்கள்' ஆகிவிடுகிறார்கள் என்று டிரூரி விளக்கினார்.

அந்த 'நாங்கள்' எதுவரை நீளும் என்பதுதான் கோவையின் காயம். குண்டு மதம் பார்த்து வெடிப்பதில்லை. வெடித்த தெருவில் இருந்த எல்லோரும் ஒரே ஆபத்தில் இருந்தவர்கள்தான். ஆனால் 1997 நவம்பரில் ஒரு கொலைக்கு ஒரு சமூகமே பொறுப்பாக்கப்பட்டது. பிப்ரவரியில் ஒரு கலவரத்துக்கு ஊரே பலியாக்கப்பட்டது. மறுபடியும் சதியில் சம்பந்தமில்லாத முஸ்லிம் குடும்பங்கள் பல ஆண்டுகள் சந்தேகத்தைச் சுமந்தன. புகைக்குள் அந்நியரை நம்மவர் ஆக்குகிற அதே மனம், புகை கலைந்ததும் அடுத்த வீட்டுக்காரரை அந்நியர் ஆக்கிவிடுகிறது. சாதாரண ஜனங்கள் சதிக்குள் சிக்கும் நாவலை யாராவது இந்த ஊரை வைத்து எழுதினால், சதியைக் கண்டுபிடிப்பதோடு கதையை முடித்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்வேன்.

கூட்டம் பீதியடையும் என்ற கற்பனை நாவலோடு நின்றுவிடுவதில்லை. அதை நம்பித்தான் அதிகாரிகள் பல இடங்களில் தகவலை மறைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ஜனங்கள் ஓடி மிதிபடுவார்கள் என்ற பயம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மானுமென்ட் என்ற சுரங்க ரயில் நிலையத்தில் புரூ, சைம் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே நிலையத்தைப் பல முறைகளில் காலி செய்து பார்த்து, முடிவை 1991இல் வெளியிட்டார்கள். அபாய மணியை மட்டும் அடித்தபோது கால் மணி நேரம் நெருங்கியும் நிலையம் காலியாகவில்லை. ஒத்திகையையே நிறுத்த வேண்டியதாயிற்று. மணி எதையும் சொல்லவில்லை, ஆகவே எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். கேமராவில் கூட்டத்தைப் பார்த்தபடியே ஒருவர் மைக்கில், என்ன நடந்தது, எந்தப் பக்கம் இருப்பவர்கள் எந்த வழியில் போக வேண்டும் என்று நேரடியாகச் சொன்னபோது ஆறு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே இருந்தார்கள். பீதி இல்லை, மிதிபாடு இல்லை.

1998இல் குண்டு வெடித்த இடங்களில் ஒன்றான கோவை ரயில் நிலையத்திலும் இன்று கேமராக்கள் உண்டு, மைக் உண்டு, பல மொழிகளில் ஓயாமல் அறிவிப்பும் உண்டு. சந்தேகப்படும்படியான பையைத் தொடாதீர்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்த வாக்கியத்தை, அதாவது இரண்டாம் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் எந்தப் படிக்கட்டு வழியாக எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதை, இன்ன காரணத்தால் என்று சேர்த்தே இப்போதே எழுதி அறிவிப்பாளர் கையில் கொடுத்து வைக்கலாம்.